சத்தம் போடாத துறை

பலகை நட வந்தபோது அழகம்மா முழங்கால் தண்ணீரில் நின்று துணி அடித்துக்கொண்டிருந்தாள். கூலிகள் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து, துறைக்கு இறங்கும் வழியில், சரியாக அவள் முதுகுக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். சிவப்புச் சாயம் அடித்த பலகை. மேலே ஜப்பான் எழுத்து, நடுவில் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்து, அடியில் ஒரே ஒரு வரி தமிழ்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் புருஷன் அம்மாசி எழுத்துக் கூட்டுவான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கரையேறிப் போய் நின்று, உதடு அசைய வாசித்தான்.

"சத்தம் போடாதே."

"யார்கிட்ட சொல்றான்?"

"இங்க வேற யாரு இருக்கா? நம்மகிட்டதான்."

மலாயாவில், அலோர்ஸ்டார் டவுனில் ஜப்பான்காரன் வந்து ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. அம்மாசியும் அழகம்மாவும் அதற்கு முன்பு புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவுக்கும் கணக்கெழுதும் கிராணி வீடுகளுக்கும் வெளுத்துக்கொண்டிருந்தவர்கள். துரைமார்கள் ஒரே இரவில் காரேறி ஓடிப்போன பிறகு தோட்டத்தில் வெளுக்க வெள்ளைத்துணி எது? மூட்டையைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து ஆற்றங்கரையில் இந்தத் துறையைப் பிடித்தார்கள். மேட்டு பங்களாவில் தங்கியிருந்த ஜப்பான் அதிகாரிக்கும் அவருடைய ஆட்களுக்கும் நாளுக்கு அறுபது உருப்படி. கூலியாக வாரத்துக்கு ஒரு மரக்கால் அரிசி. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடந்த காலத்தில் அது பெரிய காரியம்.

அரிசியை விடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. அம்மாசியின் இடது புஜத்தில் ஒரு துணிப்பட்டை. அதில் கறுப்பு மையில் இரண்டு எழுத்து, ஒரு முத்திரை. ராணுவ வேலைக்காரன் என்று அர்த்தமாம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப்போகும் லோரி அந்தப் பட்டையைப் பார்த்தால் நிற்காமல் போகும்.

பலகை நட்டு முடிந்ததும் மோரிஸ் கிராணி வந்தார். டயருக்குப் பதிலாகக் கித்தா ரப்பர் ஷீட்டைச் சுருட்டிக் கட்டிய சைக்கிள் கடகடவென்று குதித்துக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ரோட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். மாதா கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிற குடும்பம். இப்போது ஜப்பான் பாஷை நாலு மாதம் படித்து, ஜப்பான் ஆபீசில் வரைபடத்தோடு மொழிபெயர்ப்பும் அவர்தான்.

"டவுன மூணா பிரிச்சிருக்கு அழகம்மா. சிவப்பு வட்டாரம், மஞ்ச வட்டாரம், பச்ச வட்டாரம். பச்சையில என்ன சத்தம் வேணும்னாலும் போடலாம். பட்டறை, மில்லு எல்லாம் இனிமே அங்கதான். மஞ்சள்ல காலைல ரெண்டு மணி நேரம் மட்டும். சிவப்புல..."

"சிவப்புல?"

"சத்தமே கூடாது. மனுஷன் பேசுற சத்தத்துக்கு மேல போகக் கூடாதுன்னு உத்தரவு."

"எந்த மனுஷன்?" என்றான் அம்மாசி. "எங்க பெரியப்பா பேசினா ஆத்துக்கு அக்கரையில எருமை மிரளும்."

மோரிஸ் சிரிக்கவில்லை. மேட்டைப் பார்த்தபடி குரலை இறக்கினார். "மேல இருக்கிறவருக்குத் தூக்கமே இல்ல. சத்தம் சத்தம்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. கோயில் மணி நாக்குல துணி சுத்தியாச்சு. ஐஸ்காரன் மணி அடிக்கக் கூடாது. தகரக்கடைச் சீனனை மெர்கோங் பக்கம் போகச் சொல்லியாச்சு. நாய்ங்களெல்லாம் என்னாச்சுன்னு உனக்கே தெரியும்."

"எங்க தொறை எப்படி சிவப்புல வந்துச்சு?" என்றாள் அழகம்மா.

"பங்களாவ நடுவுல வச்சு, கவராயத்தால வட்டம் போட்டேன். முந்நூறு கஜம். உங்க தொறை உள்ள வந்துட்டது லா."

"நீங்கதான் போட்டீங்களா?"

"நான்தான்."

"ஒரு விரக்கடை சின்னதா போட்டிருக்கக் கூடாதா ஐயா?"

அவர் சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவினார். அதுவும் துணி சுற்றியிருந்தது. "போட்டிருக்கலாம். அப்ப தோணல. இப்ப முத்திரை குத்தியாச்சு."

வண்ணானிடம் அடிக்காமல் வெளு என்று சொன்னால் என்ன செய்வான்? சோப்பு இருந்தாலாவது தேய்த்துப் பார்க்கலாம். சோப்பு என்று ஒன்று இருந்ததையே ஊர் மறந்துபோயிருந்தது. வாழைமட்டையை எரித்த சாம்பலைக் கரைத்து, தெளிந்த காரத்தண்ணீரில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானையில் அடுக்கி, ஒரு ராத்திரி முழுக்க வேகவைத்து, காலையில் கல்லில் அடித்தால்தான் காரமும் அழுக்கும் வெளியே வரும். அடியில்தான் இருக்கிறது வெளுப்பு. அம்மாசி ஒரு கல், அழகம்மா ஒரு கல். அவன் ஓங்கும்போது இவள் இறக்குவாள். மூச்சு ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும். தனியாக அடித்தால் இருபது உருப்படியில் தோள் கழன்றுவிடும். ஜோடியாக அடித்தால் அறுபதும் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

மறுநாள் இரண்டு பேரும் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு துணியைக் கையால் கசக்கினார்கள். காலால் மிதித்தார்கள். பப்பாளி இலையை அரைத்துப் பூசினார்கள். மதியத்துக்குள் பாதிகூட முடியவில்லை. காய்ந்த துணியில் காரம் தங்கி, பழைய ஓலைப்பாய் நிறத்தில் நின்றது.

பங்களாச் சிப்பாய் இருபது வயதுப் பையன். சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையில் போட்டான். அம்மாசியைக் கிட்டே கூப்பிட்டு, வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று. கோபமே இல்லாமல், வேலை செய்கிற மாதிரி அடித்தான்.

"இந்த அடிக்குச் சத்தம் இல்லியாமா?" என்றான் அம்மாசி, திரும்பி வரும் வழியில்.

அழகம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மூன்றாம் நாள் கல்லைப் பெயர்த்து மாட்டுவண்டியில் ஏற்றி மெர்கோங்குக்குக் கொண்டுபோனார்கள். பச்சை வட்டாரம். தகரக்கடைச் சீனன் ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருந்தான். மாவு மில் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அங்கே இருந்தது நெல்வயல் வாய்க்கால். இறக்கிய கல் அரைமணி நேரத்தில் களிமண்ணில் புதைந்தது. பலகை போட்டு நிறுத்தினார்கள். வாய்க்காலின் மேற்பக்கம் எருமைகள் இறங்கின. தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. ஆசை தீர அடித்தார்கள். அடிக்க அடிக்கத் துணி பழுத்தது.

அதற்கும் அறை விழுந்தது. அதோடு சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு காகிதமும் வந்தது. மோரிஸ் அதைப் படித்துக் காட்டினார். ராணுவத்துணியை வாய்க்கால் தண்ணீரில் வெளுக்கக் கூடாது. ஆற்றுத்துறையில் மட்டுமே வெளுக்க வேண்டும்.

"ஆத்துத்தொறை சிவப்புல இருக்கே" என்றாள் அழகம்மா.

"ஆமா."

"அங்க அடிக்கக் கூடாது."

"ஆமா."

"அடிக்காம வெளுக்காது."

"தெரியும் அழகம்மா."

"அப்ப அந்தச் சுகாதாரத்துக்காரர்கிட்ட நீங்க சொல்லுங்களேன்யா. ஒரே கட்டடத்துலதான இருக்கீங்க?"

"நடுவுல ஒரு நடைதான். இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. போய்ச் சொன்னேன். சத்தம் எங்க பகுதி இல்லன்னுட்டாரு. எங்க ஆளுகிட்ட சொன்னேன், தண்ணி எங்க பகுதி இல்லன்னுட்டாரு." மோரிஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "என்னை என்னா பண்ணச் சொல்றே?"

கல் திரும்பவும் ஆற்றுத்துறைக்கு வந்தது. ஒரு துணியை மூன்று தடவை வேகவைத்தார்கள். விறகுக்கு அழகம்மா தினம் நாலு மைல் நடந்தாள். அவள் கைவிரல் இடுக்கெல்லாம் காரத்தில் வெந்து தோல் உரிந்தது. எப்படியோ துணி ஓரளவு வெளுத்தது. சத்தம் என்று பார்த்தால், துறையில் தவளை கத்துவது கேட்டது. அவ்வளவு அமைதி.

ஆனாலும் பங்களாவிலிருந்து புகார் வந்தபடியே இருந்தது. காலையில் அடிக்கிறார்கள். மத்தியானம் அடிக்கிறார்கள். டொக், டொக் என்று நிற்காமல் அடிக்கிறார்கள்.

"நாங்க அடிக்கவே இல்லைங்க!" என்றான் அம்மாசி. "இந்தாங்க, கைய பாருங்க. கசக்கிக் கசக்கி நகமே போயிடுச்சு."

"அவருக்குக் கேக்குதாம்."

"நீங்க வந்து ஒரு நாளு பாருங்களேன்!"

"பாத்தேன். ரெண்டு நாளா மரத்தடியில நின்னு பாத்தேன். நீங்க அடிக்கல."

"சொன்னீங்களா?"

மோரிஸ் சைக்கிளில் ஏறிக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் சிப்பாய் வந்து, அம்மாசியின் புஜத்துப் பட்டையைக் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டு போனான். இரண்டாம் நாள் காலையில் லோரி வந்து அம்மாசியை ஏற்றிக்கொண்டது. அதே குடிசை வரிசையில் குடியிருந்த பிச்சையையும் அதில்தான் ஏற்றினார்கள். பிச்சையின் மனைவி இராசாத்தி லோரிக்குப் பின்னாலேயே பாலம் வரை ஓடினாள். அழகம்மா ஓடவில்லை. அம்மாசிக்குப் போட்டுக்கொள்ள ஒரு நல்ல சட்டை வேண்டுமே என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தாள். ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிற வீட்டில் அவனுக்கென்று கிழியாத சட்டை ஒன்று இல்லை. அவள் வெளியே வந்தபோது லோரி போன சடக்கில் புழுதி மட்டும் இருந்தது.

அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அறுபது உருப்படியை வேறு யார் வெளுப்பார்கள்? மறுநாளும் மூட்டை வந்தது.

புகாரும் வந்தது.

இந்தத் தடவை மோரிஸ் அவளைப் பங்களாவுக்கே கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி நேரில் விசாரிக்கப் போகிறாராம். போகும் வழியெல்லாம் அவர், "குனிஞ்சு நில்லு, நிமிந்து பாக்காத, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதிகாரி வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குள்ளமான, வயதான மனிதர். அவள் நினைத்து வைத்திருந்த முகம் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியது. இடது காதில் பஞ்சு. அங்கிருந்து பார்த்தால் துறை நன்றாகத் தெரிந்தது. கல் இரண்டும் காலியாக, ஒன்றின் மேல் மைனா உட்கார்ந்திருந்தது.

அவர் விரலை உயர்த்தினார். தலையைச் சாய்த்து, மெல்ல ஏதோ சொன்னார்.

"இப்ப அடிக்கிறாங்களாம். கேளுன்றாரு" என்றார் மோரிஸ்.

அழகம்மா உற்றுக் கேட்டாள். மில் சத்தம்கூட இல்லை. காற்றில் கொடிக்கயிறு அசைந்தது. "யாரு அடிக்கிறா? நான்தான் இங்க நிக்கிறேனே!"

அதிகாரியின் விரல் காற்றில் தாளம் போட்டது. டொக். டொக். டொக். அவர் கண்ணில் கோபம் இல்லை. பல் வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பானே, அந்த மாதிரி இருந்தார்.

அவளுக்குச் சட்டென்று அந்தத் தலையணை உறை ஞாபகம் வந்தது. மாதக்கணக்காக வெளுக்கிறாள். இடது பக்கம் மட்டும் மஞ்சளாக, நடுவில் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை. எத்தனை வேகவைத்தாலும் போகாது. சீழ்க்கறை. ஒருவர் உடம்பில் எங்கே புண் என்று அவருடைய மனைவியைவிட வெளுக்கிறவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கிராணிய்யா" என்றாள். "அவரு காதுல சீழ் வச்சிருக்கு. வெளிய ஒரு சத்தமும் இல்ல. அவரு காதுக்குள்ளதான் அடிக்குது. சொல்லுங்க."

மோரிஸின் முகம் வெளுத்தது. "வாய மூடு."

"சொல்லுங்கய்யா! எங்க மேல குத்தம் இல்லன்னு சொல்லுங்க!"

"மூளை கெட்டுப் போச்சுன்னு சொல்லச் சொல்றியா? என் தலைய வாங்கிடுவான். எனக்கும் வீட்டுல கேதரினும் புள்ளைங்களும் இருக்கு."

அவர் இடுப்புவரை குனிந்து ஜப்பான் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். அதிகாரி கையை ஆட்டினார். போகலாம் என்று அர்த்தம்.

மேடு இறங்கியதும் அழகம்மா நின்றாள். "என்னா சொன்னீங்க?"

"இனிமே இவ அடிக்க மாட்டான்னு சொன்னேன். மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்."

"அடிக்காதத அடிக்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

"உன் உசுர காப்பாத்தி இருக்கேன்."

"எம் புருசன அந்தக் காதுக்காகவா லோரியில ஏத்தினாங்க?"

மோரிஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வட்டத்தை ஐந்நூறு கஜமாகப் பெரிதாக்க உத்தரவு வந்திருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார். புதிய வரைபடம் போட வேண்டுமாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழகம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மூட்டையின் மேலே கிடந்த படுக்கை விரிப்பை எடுத்து முறுக்கினாள். அடித்தாலும் கேட்கிறது, அடிக்காவிட்டாலும் கேட்கிறது. தலைக்கு மேல் சுழற்றிக் கல்லில் இறக்கினாள். அத்தனை நாள் அடக்கி வைத்தது முழுக்கக் கையில் இறங்கியது. ஆற்றின் அக்கரை வரை போய்த் திரும்பி வந்தது அந்தச் சத்தம். குடிசைகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இராசாத்தி ஓடி வந்து, "அக்கா, வேணாங்க்கா, உன்னையும் கொண்டுபோயிடுவான்" என்று கரையில் நின்று கெஞ்சினாள்.

அழகம்மா நிறுத்தவில்லை. ஐந்து உருப்படி. பத்து. பதினைந்து. தோள்பட்டை எரிந்தது. இருபத்தோராவது துணியில் கை மேலே எழ மறுத்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

மேட்டிலிருந்து சிப்பாய் ஓடி வருவது தெரிந்தது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. சிப்பாய் தண்ணீருக்குள்ளேயே பூட்ஸோடு இறங்கி, அவள் கையில் ஈரத்துணியைத் திணித்து, கல்லைக் காட்டினான். அடி, அடி என்று சைகை. பிறகு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்துக்கு அணை கொடுத்துக் கண்ணை மூடிக் காட்டினான். மேலே பங்களாவைக் காட்டினான்.

மோரிஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "தூங்கிட்டாரு அழகம்மா! நீ அடிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல நாற்காலியிலேயே தூங்கிட்டாரு. வெளிச் சத்தத்துல உள் சத்தம் அடங்கிப் போச்சு போல இருக்கு. நீ நிறுத்தினதும் முழிச்சிட்டாரு. அடிக்கச் சொல்றாரு. தினமும் அடிக்கணுமாம்."

அழகம்மா கையிலிருந்த ஈரத்துணியைக் கல்லின் மேல் வைத்தாள்.

"முடியாது."

"என்னாது?"

"ஒத்த ஆளா அடிக்க முடியாது. பாத்தீங்கல்ல, இருபதுல கை விழுந்திடுச்சு. விடாம அடிக்கணும்னா ரெண்டு கல்லுக்கும் ரெண்டு ஆளு வேணும். எம் புருசன வரச்சொல்லச் சொல்லுங்க."

"அது எப்படி..."

"இதையாவது நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க ஐயா. மாத்திச் சொல்லாதீங்க."

அவள் கரையேறிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு சட்டையைக் கையால் கசக்க ஆரம்பித்தாள். "அது வரைக்கும் நான் சத்தம் போட மாட்டேன். சட்டப்படி நடக்கிறேன். இது சிவப்பு வட்டாரம்."

சிப்பாய் கையை ஓங்கினான். பிறகு மேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான். மோரிஸ் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மேடு ஏறினார். அவர் திரும்பி வந்தபோது உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "சொன்ன மாதிரியே சொன்னேன்" என்றார். "அம்மாசிய விடச் சொல்லிக் கடுதாசி எழுதியிருக்காரு."

அம்மாசி பத்தொன்பது நாள் கழித்து வந்தான். சயாம் எல்லையில், பாடாங் பெசார் கொட்டகையில் ரயில் வண்டிக்குக் காத்திருந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். கொட்டகையிலேயே வயிற்றுக்கடுப்பு கண்டு, முழங்காலுக்குக் கீழே புண் வைத்து, நடந்து வந்தவன் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒரு துண்டைக்கூடத் தூக்கும் பலம் இல்லை. அழகம்மா அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத் துறைக்குப் போனாள். வந்துவிட்டானே, இனி அடித்துத்தான் ஆக வேண்டும்.

இராசாத்தி அவளுக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தாள். அம்மாசியின் கல்லுக்குப் பக்கத்தில், சேலையைச் செருகிக்கொண்டு, தண்ணீரில்.

"அண்ணன் எழுந்திரிக்கிற வரைக்கும் நான் அடிக்கிறேங்க்கா."

"உனக்குப் பழக்கம் இல்லியேடி. கை வெந்துடும்."

"வேகட்டும்." ஒரு துணியை எடுத்து முறுக்கினாள். முறுக்கத் தெரியவில்லை. "அண்ணன்கிட்ட கேட்டேன். எம் புருசன் ஏறின ரயில் பொட்டி மொதல்லயே போயிடுச்சாம். பேரு கூப்பிட்டப்ப அம்மாசின்னு மட்டும்தான் கூப்பிட்டாங்களாம்."

அழகம்மா சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"நீ அடிக்கிறத நிறுத்தின, அண்ணன் வந்துட்டாரு." இராசாத்தியின் குரலில் பொறாமை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறவள் மாதிரி, நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நான் எதை நிறுத்தினா எம் புருசன் வருவாருக்கா?"

மேட்டு வராந்தாவில் சிப்பாய் கை தட்டிக் கூப்பிட்டான். அதிகாரி தூங்குகிற பத்து மணி ஆகிவிட்டது. அழகம்மா துணியை எடுத்தாள். இராசாத்தியின் கையைப் பிடித்து எங்கே முறுக்க வேண்டும், எப்படி ஓங்க வேண்டும் என்று காட்டினாள். பிறகு அவள் ஓங்க, இவள் இறக்கினாள்.